அணுமின் நிலைய அவசரகால ஒத்திகைகளின் வரலாறு

அணுமின் நிலைய அவசரகால ஒத்திகை என்பது, அணுவுலையில் விபத்து நேர்ந்து கதிரியக்கப் பொருட்கள் வெளியேறும் நிலை வந்தால், நிலையப் பணியாளர்களும் அரசு அலுவலர்களும் சுற்றுவட்டார மக்களும் செய்ய வேண்டியவற்றை முன்கூட்டியே நடத்திப் பார்க்கும் பயிற்சியாகும். இது பள்ளியில் நடக்கும் தீயணைப்பு ஒத்திகையைவிடச் சிக்கலானது. தீயைக் கண்ணால் காணலாம். கதிர்வீச்சைக் காணவோ முகரவோ இயலாது. எந்த ஊர் மக்கள் வெளியேற வேண்டும், எந்த ஊர் மக்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது உலையின் நிலையையும் காற்று வீசும் திசையையும் பொறுத்தது. அணுவுலையை ஒரு நிறுவனம் இயக்குகிறது. சாலை காவல்துறையின் பொறுப்பு. பேருந்து, பள்ளி, மருத்துவமனை, குடிநீர் ஆகியவை வெவ்வேறு துறைகளின் கையில் உள்ளன. இவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில், குறைந்த தகவலைக் கொண்டு, விரைந்து முடிவெடுக்க வேண்டும்.

இத்தகைய ஒத்திகைகள் அணுமின் நிலையங்களோடு கூடவே பிறந்தவை அல்ல. அமெரிக்காவில் அவை சட்டப்படி முழுமையான கட்டாயமானது 1980ஆம் ஆண்டில்தான். அதன் பிறகும் பெரிய மாற்றங்கள் பலவும் ஏதேனும் ஒரு விபத்துக்குப் பின்னரே வந்துள்ளன.

தொடக்க காலம்

1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் என்னுமிடத்தில், அணுகுண்டுக்கான புளுட்டோனியம் தயாரிக்கும் உலை ஒன்று தீப்பற்றியது. காற்றில் கலந்த கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, மாடுகள் வழியாகப் பாலில் சேர்ந்தது. ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பால் விற்பனை தடைசெய்யப்பட்டு, கறந்த பால் கொட்டப்பட்டது. உலைக்கு வெளியே உள்ள மக்களைக் காக்கும் நடவடிக்கை முன்னேற்பாடின்றி விபத்து நடக்கும் வேளையிலேயே தீர்மானிக்கப்பட்டதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு.

1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் அணுமின் நிலையங்கள் பெருகின. உலையைச் சுற்றிய கான்கிரீட் கவசமும் பல அடுக்குப் பாதுகாப்பு அமைப்புகளும் விபத்தை உள்ளேயே அடக்கிவிடும் என்று பொறியாளர்கள் நம்பினர். ஆகவே வளாகத்துக்கு வெளியே வாழும் மக்களுக்கான திட்டம் இரண்டாம் நிலையிலேயே இருந்தது. 1978 டிசம்பரில் அரசுப் பணிக்குழு ஒன்று, ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி 10 மைல் (16 கி.மீ.) தொலைவுக்கு மக்கள் பாதுகாப்புத் திட்டமும், 50 மைல் (80 கி.மீ.) தொலைவுக்கு உணவு, பால், குடிநீர்ப் பாதுகாப்புத் திட்டமும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை நடைமுறைக்கு வருவதற்குள் விபத்து முந்திக்கொண்டது.

திரீ மைல் தீவு, 1979

1979 மார்ச் 28 அதிகாலை 4 மணியளவில், பென்சில்வேனியா மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கை அடுத்த திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில் கோளாறு ஏற்பட்டது. திறந்து மூட வேண்டிய அழுத்த வால்வு ஒன்று மூடாமல் நின்றுவிட, குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையில் நீர் மிகுந்துள்ளது என்று தவறாக எண்ணிய இயக்குநர்கள், தானாக இயங்கத் தொடங்கிய அவசரக் குளிர்விப்பு நீரைக் குறைத்துவிட்டனர். எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகியது.

வெளியேறிய கதிர்வீச்சு குறைவே. ஆனால் வளாகத்துக்கு வெளியே நிலவிய குழப்பம் பெரிது. மார்ச் 30 காலை, உலைக்கட்டடப் புகைபோக்கியின் நேர் மேலே பறந்த ஹெலிகாப்டர் மணிக்கு 1,200 மில்லிரெம் என்ற அளவைப் பதிவு செய்தது. வாஷிங்டன் பகுதியிலிருந்த அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைய அலுவலகத்தில், நிலமட்டத்தில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கக்கூடும் என்று போட்ட கணக்கிலும் தற்செயலாக அதே எண் வந்திருந்தது. இரண்டும் ஒன்றெனக் கொள்ளப்பட்டதால், மக்களை வெளியேற்றுமாறு பரிந்துரை போயிற்று. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. அன்று நண்பகலுக்குப் பின், 5 மைல் தொலைவுக்குள் வாழும் கருவுற்ற பெண்களும் பள்ளி வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று ஆளுநர் டிக் தார்ன்பர்க் அறிவித்தார். அறிவுரை சிலருக்கே என்றாலும், அந்த நாட்களில் சுமார் 1,44,000 பேர் தாமாகவே ஊரைவிட்டுச் சென்றனர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

உள்ளூர் அலுவலர்களிடம் இருந்தது 5 மைல் தொலைவுக்கான திட்டம் மட்டுமே. முதலில் 10 மைல், பிறகு 20 மைல் என்று தொலைவு மாற மாற, அவர்கள் இரவு பகலாகப் புதிய திட்டம் எழுத வேண்டியதாயிற்று. 20 மைல் வட்டத்துக்குள் ஏறத்தாழ ஆறரை இலட்சம் மக்களும், பத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகளும், ஒரு சிறைச்சாலையும் இருந்தன. நோயாளிகளையும் கைதிகளையும் எந்த வண்டியில் ஏற்றி எங்கே கொண்டு செல்வது என்பதற்கு எழுத்தில் விடை எதுவும் இல்லை. தைராய்டு சுரப்பியைக் காக்கும் பொட்டாசியம் அயோடைடு மருந்தும் போதிய இருப்பில் இல்லை. மருந்து நிறுவனங்களைக் கொண்டு அவசரமாகத் தயாரித்து, சில நாட்களில் ஏறத்தாழ 2,37,000 புட்டிகள் கொண்டுவரப்பட்டன. அவை மக்களுக்கு வழங்கப்படவே இல்லை.

விபத்தை ஆராய அதிபர் ஜிம்மி கார்ட்டர் அமைத்த ஆணையத்துக்குக் கணித அறிஞர் ஜான் கெமனி தலைமை தாங்கினார். 1979 அக்டோபர் இறுதியில் வந்த அதன் அறிக்கை, கருவிக் கோளாற்றைவிட மனிதர்களின் பயிற்சியிலும் அமைப்புகளின் மனப்போக்கிலும் இருந்த குறையே பெரிது என்று சுட்டியது. வளாகத்துக்கு வெளியேயான திட்டங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு, அவ்வாண்டு புதிதாக அமைக்கப்பட்டிருந்த கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமைக்கு டிசம்பரில் வழங்கப்பட்டது.

1980 விதிகளும் திட்டமிடும் முறையும்

1980இல் வந்த புதிய விதிகளின்படி, நம்பத்தக்க அவசரகாலத் திட்டம் இல்லாத நிலையத்துக்கு இயக்க உரிமம் கிடையாது. விபத்தின் தீவிரம் நான்கு படிகளாக வகுக்கப்பட்டது: வழக்கத்துக்கு மாறான நிகழ்வு, எச்சரிக்கை, வளாகப் பகுதி அவசரநிலை, பொது அவசரநிலை. அவசரநிலை அறிவிக்கப்பட்ட 15 நிமிடங்களுக்குள் மாநில, உள்ளூர் அலுவலர்களுக்குத் தகவல் சேர வேண்டும். திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது என்பதால், மாநில, உள்ளூர் அரசுகள் பங்குபெறும் முழு ஒத்திகையும் கட்டாயமாயிற்று. அது பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று நிலைபெற்றது.

இந்த ஒத்திகைகளைத் திட்டமிடுவோர் முதலில் செய்வது நோக்கங்களை வரையறுப்பது. 'அனைத்தையும் சோதிப்போம்' என்பது நோக்கமாகாது. 'அறிவிப்பு 15 நிமிடத்தில் சேருகிறதா', 'பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் வழி அறிவார்களா', 'கதிரியக்கத் தூசு படிந்த காயமுற்றவரை மருத்துவமனை ஏற்கிறதா' என்பன போன்ற, அளந்து பார்க்கக்கூடிய கேள்விகளே நோக்கங்களாகும்.

அடுத்தது ஒத்திகைக் கதை. எந்த நேரத்தில் எந்தக் குழாய் உடைகிறது, எப்போது கதிர்வீச்சு வெளியேறுகிறது, காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை நிமிட வாரியாக எழுதுகிறார்கள். கதையை எழுதியோர் ஒத்திகையில் பங்குபெறக் கூடாது. பங்குபெறுவோருக்குக் கதை தெரியக் கூடாது. உண்மையான கருவிகள் இயல்பு நிலையையே காட்டும் என்பதால், கட்டுப்பாட்டாளர்கள் எனப்படுவோர் உரிய நேரத்தில் கற்பனை அளவுகளைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பார்கள். செய்தி வெளியே கசிந்து பீதி உண்டாகாதிருக்க, 'இது ஒத்திகை' என்ற சொற்களோடு செய்திகள் பரிமாறப்படும்.

மூன்றாவதாக மதிப்பீட்டாளர்கள். இவர்கள் உதவவும் மாட்டார்கள், குறுக்கிடவும் மாட்டார்கள். நடப்பதை நேரத்தோடு குறித்துக்கொள்வார்கள். பொதுமக்களின் பாதுகாப்பையே ஐயத்துக்குள்ளாக்கும் பெருங்குறை தெரிந்தால், அதை 120 நாட்களுக்குள் திருத்தி மீண்டும் செய்து காட்ட வேண்டும் என்ற நடைமுறை அமெரிக்காவில் ஏற்பட்டது. பொதுமக்களை உண்மையாகவே வெளியேற்றிக் காட்டுவது அங்கே கட்டாயமில்லை. அலுவலர்களின் முடிவெடுக்கும் திறனும் தகவல் தொடர்புமே முதன்மையாகச் சோதிக்கப்படுகின்றன.

ஷோரம்: ஓர் ஒத்திகை எழுப்பிய வழக்கு

ஒத்திகை வெறும் சடங்கு அன்று என்பதை நியூயார்க் மாநிலத்தின் ஷோரம் அணுமின் நிலையம் காட்டியது. இது லாங் ஐலண்ட் தீவில் கட்டப்பட்டது. தொடக்கத்தில் பத்துக் கோடி டாலருக்கும் குறைவாக மதிப்பிடப்பட்ட செலவு, இறுதியில் 500 கோடி டாலரைத் தாண்டியது. நீண்டு ஒடுங்கிய அத்தீவிலிருந்து மக்கள் தரைவழியே வெளியேற வேண்டுமானால் மேற்கே நியூயார்க் நகரை நோக்கித்தான் செல்ல வேண்டும். கிழக்குப் பகுதியினர் உலை இருக்கும் திசையைக் கடந்தே போக வேண்டும்.

1983 பிப்ரவரியில், விபத்து நேர்ந்தால் மக்களைப் பாதுகாப்பாக வெளியேற்ற இயலாது என்று சஃபோக் மாவட்டச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றித் திட்டமிடலிலிருந்து விலகியது. ஆளுநர் மாரியோ கோமோவும் மாநில அரசின் திட்டத்தை அளிக்க மறுத்தார். அரசுகள் ஒத்துழைக்காத நிலையில், மின் நிறுவனம் தன் ஊழியர்களையே கொண்டு ஓர் அவசரகால அமைப்பை உருவாக்கியது. மின் கட்டணம் எழுதியவரும் கம்பம் ஏறியவரும் சாலைச் சந்திப்பில் நின்று போக்குவரத்தை வழிநடத்தக் கற்றனர்.

இதற்கிடையே 1984இல், ஒத்திகையின் முடிவுகளை உரிம விசாரணையிலிருந்து விலக்கிவைக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே 1986 பிப்ரவரி 13 அன்று ஷோரமில் நடந்த ஒத்திகை அனைவரின் கவனத்தையும் ஈர்த்தது. மதிப்பீட்டாளர்கள், சரளைக்கல் ஏற்றிய லாரி ஒன்றும் எரிபொருள் லாரி ஒன்றும் சாலையை மறித்துவிட்டதாக முன்னறிவிப்பின்றிச் செய்தி கொடுத்தனர். அச்செய்தி உரியவர்களை அடைந்து மாற்றுவழி அறிவிக்கப்படுவதில் மிகுந்த தாமதம் நேர்ந்தது. ஒத்திகை அறிக்கையை ஒட்டி எழுந்த கருத்து வேறுபாட்டால், அவசரகால முகமையின் வட்டார இயக்குநர் ஃபிராங்க் பெட்ரோன் தம் பதவியைத் துறந்தார். 1988இல் உரிம வாரியம், அந்த ஒத்திகை திட்டத்தின் அடிப்படைக் குறைகளை வெளிப்படுத்தியது என்று கூறியது.

இதன் மறுபக்கமும் குறிப்பிடத்தக்கது. உண்மையான விபத்து நேர்ந்தால் எந்த அரசும் கைகட்டி நிற்காது என்று கொள்ளலாம் என, ஆணையம் 1987இல் விதியை மாற்றியது. 1988 ஜூனில் ஷோரமில் இன்னொரு ஒத்திகை நடந்தது. 1989 ஏப்ரலில் முழு இயக்க உரிமமும் கிடைத்தது. ஆனால் அதற்குள் நிலையத்தை மூடுவதற்கு ஆளுநரும் நிறுவனமும் உடன்பட்டிருந்தனர். ஒரு டாலர் விலைக்கு அரசு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட ஷோரம், வணிக முறையில் மின்சாரம் வழங்காமலேயே பிரித்தெடுக்கப்பட்டது. செலவின் சுமை அப்பகுதி மின் நுகர்வோர் மேல் பல ஆண்டுகள் விழுந்தது.

செர்னோபில்லுக்குப் பின்

1986 ஏப்ரல் 26 அன்று நேர்ந்த செர்னோபில் விபத்தில், உலையை அடுத்த பிரிபியாத் நகர மக்கள் ஏறத்தாழ 49,000 பேர் மறுநாள் பிற்பகல்தான் வெளியேற்றப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் வந்து சில மணி நேரத்தில் நகரைக் காலி செய்தன. வண்டிகள் கிடைத்தன, முடிவும் தகவலுமே தாமதமாயின. இடைப்பட்ட ஒன்றரை நாளில் மக்கள் இயல்பு வாழ்க்கையையே நடத்திக்கொண்டிருந்தனர்.

கதிரியக்கம் நாடுகளின் எல்லையைக் கடந்தது என்பதால், விபத்தை உடனே அண்டை நாடுகளுக்கு அறிவிக்கும் உடன்படிக்கை பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஏற்பாட்டில் 1986 செப்டம்பரில் உருவானது. 1993இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனத்தின் அணுசக்தி முகமை, பல நாடுகள் சேர்ந்து பங்குபெறும் இனெக்ஸ் என்ற ஒத்திகை வரிசையைத் தொடங்கியது.

ஜப்பான்: நடந்த ஒத்திகைகளும் நடக்காத ஒத்திகையும்

1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் தோக்காய்முரா எரிபொருள் ஆலையில் நேர்ந்த விபத்தில் இரு தொழிலாளர் உயிரிழந்தனர். அதையடுத்து தனிச் சட்டம் இயற்றப்பட்டு, அணுமின் நிலையப் பகுதிகளில் வெளிவளாகக் கட்டளை மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. ஆண்டுதோறும் தேசிய ஒத்திகை நடந்தது. 2010 அக்டோபரில் ஹமாவோகா நிலையத்தில் நடந்த ஒத்திகையில், உலையைக் குளிர்விக்கும் அமைப்புகள் செயலிழப்பதாகவே கதை அமைந்திருந்தது.

அதே 2010இல் நீகாத்தா மாகாணம், நிலநடுக்கமும் அணு விபத்தும் ஒன்றாக நேர்வதாகக் கொண்டு ஒத்திகை நடத்த விரும்பியது. 2007இல் அங்கே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டிருந்ததால் அது இயல்பான விருப்பமே. ஆனால் மக்களுக்கு வீண் அச்சம் உண்டாகும் என்று அணுப் பாதுகாப்பு முகமை கருதியதால், நிலநடுக்கத்துக்குப் பதிலாகக் கடும் பனிப்பொழிவு கதையில் சேர்க்கப்பட்டது.

2011 மார்ச் 11 அன்று ஃபுக்குஷிமாவில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணு விபத்தும் ஒன்றாகவே வந்தன. நிலையத்திலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் ஒக்குமாவில் இருந்த கட்டளை மையத்தில் மின்சாரமும் தொலைபேசியும் முறையாக இயங்கவில்லை. கதிரியக்கத் தூசைத் தடுக்கும் காற்று வடிகட்டிகளும் அங்கே இல்லை. சில நாட்களில் மையமே ஃபுக்குஷிமா நகருக்கு இடம்பெயர்ந்தது. அதுவரை திட்டமிடப்பட்டிருந்த தொலைவு 8 முதல் 10 கி.மீ. மட்டுமே. வெளியேற்ற எல்லையோ முதல் நாள் இரவு 3 கி.மீ., மறுநாள் காலை 10 கி.மீ., அன்று மாலை 20 கி.மீ. என்று விரிந்தது. திரீ மைல் தீவில் நடந்ததே மீண்டும் நடந்தது. அங்கே மக்கள் பல முறை இடம் மாற நேரவில்லை. இங்கே அப்படியும் நேர்ந்தது.

பெரிதும் துன்பப்பட்டோர் நோயாளிகளும் முதியோருமே. 20 கி.மீ. வட்டத்துக்குள் இருந்த மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்தோரில், வெளியேற்றத்தின் கடுமையால் மார்ச் மாத இறுதிக்குள் குறைந்தது 60 பேர் இறந்தனர் என்று நாடாளுமன்ற விசாரணை ஆணையம் 2012 ஜூலையில் பதிவு செய்தது. இவர்கள் கதிர்வீச்சால் இறந்தவர்கள் அல்லர்; நீண்ட பேருந்துப் பயணத்தாலும், மருந்தும் கவனிப்பும் தடைபட்டதாலும் இறந்தவர்கள். முந்தைய ஒத்திகைகள் பெயரளவில் நடந்தன என்றும் ஆணையம் சுட்டிக்காட்டியது. இதன் பின் ஜப்பானில் 5 கி.மீ., 30 கி.மீ. என்ற இரு வட்டங்களில் திட்டமிடும் முறை வந்தது.

அமெரிக்காவிலும் 2011 நவம்பரில் விதிகள் திருத்தப்பட்டன. எல்லா ஒத்திகைகளும் பெருமளவு கதிர்வீச்சு வெளியேற்றத்திலேயே முடிந்ததால், பங்குபெறுவோர் கதையை முன்கூட்டியே ஊகிக்கப் பழகிவிட்டிருந்தனர். இனிக் கதைகளை மாற்றி மாற்றி அமைக்க வேண்டும், தாக்குதல் நடப்பதாகவும் கதிர்வீச்சே வெளியேறாததாகவும் கூட அமைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் தாராப்பூரில் 1969இல் இயங்கத் தொடங்கியது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் அமைக்கப்பட்டது. இந்தியாவில் அவசரநிலை மூன்று வகைப்படும்: நிலையத்துக்குள் அடங்கும் நிலைய அவசரநிலை, வளாகம் முழுவதையும் பாதிக்கும் வளாக அவசரநிலை, பொதுமக்களைப் பாதிக்கும் வெளிவளாக அவசரநிலை. இவற்றுக்கான ஒத்திகைகள் முறையே மூன்று மாதம், ஓராண்டு, ஈராண்டு இடைவெளியில் நடத்தப்படுகின்றன. வெளிவளாகத் திட்டம் 16 கி.மீ. சுற்றளவுக்கு வகுக்கப்படுகிறது. அதற்குத் தலைமை தாங்குபவர் நிலைய இயக்குநர் அல்லர், மாவட்ட ஆட்சியர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியது. நிலையத்தின் கடல்நீர் இறைப்பகத்துக்குள் வெள்ளம் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் ஊழியர் குடியிருப்பிலும் அருகிலுள்ள மீனவக் குப்பங்களிலும் உயிரிழப்பு நேர்ந்தது. அவசரகாலப் பணிக்கு வர வேண்டியவர்களின் வீடுகளே பேரிடரில் சிக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

கூடங்குளத்தில் முதல் உலைக்கு எரிபொருள் நிரப்புவதற்கு முன், 2012 ஜூனில் நக்கனேரி கிராமத்தில் வெளிவளாக ஒத்திகை நடந்தது. ஃபுக்குஷிமாவுக்குப் பின் நிலையத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு சிற்றூரில் நடத்தியது 16 கி.மீ. சுற்றளவுக்கும் போதுமா என்று போராடியோர் கேட்டனர். மாதிரிக்கு ஓர் ஊரைத் தேர்ந்து நடத்துவதே வழக்கம் என்பது நிருவாகத்தின் நிலை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 மே 6 தீர்ப்பில் நிலையம் இயங்க அனுமதித்த நீதிமன்றம், 15 கட்டளைகளையும் பிறப்பித்தது. அவசரகால ஏற்பாடுகளும் ஒத்திகைகளும் அவற்றுள் அடங்கும்.

படிப்பினைகள்

இந்த வரலாற்றில் சில செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலான தோல்விகள் அணுவியல் சார்ந்தவை அல்ல. தொலைபேசி, பேருந்து, மருத்துவமனைக் கட்டில், புரியும்படியான அறிவிப்பு ஆகியவை சார்ந்தவை. திட்டமிட்ட தொலைவைவிட விபத்து பெரிதாகும்போது குழப்பம் தொடங்குகிறது. அச்சம் உண்டாகும் என்று ஒத்திகைக் கதையை எளிதாக்கினால், உண்மையான பேரிடரில் மக்களும் அலுவலர்களும் பழக்கமற்ற நிலையில் நிற்க நேர்கிறது. குறை எதுவும் கண்டறியாத ஒத்திகையின் அறிக்கையை, அதன் கதை எவ்வளவு கடினமாக அமைந்தது என்பதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அணுமின் நிலையத்தைச் சுற்றி வாழ்வோர் அறிந்திருக்க வேண்டியவை எளியவை. அறிவிப்பு வந்ததும் வீட்டுக்குள் சென்று கதவு, சன்னல்களை அடைக்க வேண்டும். வானொலி, தொலைக்காட்சி, ஒலிபெருக்கி வழியாக வரும் அரசு அறிவிப்பை மட்டுமே நம்ப வேண்டும். திறந்து கிடந்த நீரையும் உணவையும் உட்கொள்ளக் கூடாது. அயோடின் மாத்திரையை அலுவலர்கள் சொன்ன பிறகே, சொன்ன அளவில் உட்கொள்ள வேண்டும். அது தைராய்டு சுரப்பியை மட்டுமே காக்கும், பிற கதிர்வீச்சைத் தடுக்காது. வெளியேறச் சொன்னால் கூடுமிடம் எது, அங்கே செல்லும் வழி எது, வீட்டிலுள்ள முதியவரையும் நோயாளியையும் யார் அழைத்துச் செல்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஒத்திகை தம் ஊருக்கு வரும்போது இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மக்களின் உரிமை. விடை சொல்வது அதை நடத்துவோரின் கடமை.